ஒமாஹா ஆடி லாபம் பார்க்க முடியுமா? வேலையை விடலாமா?

கோவையிலிருந்து 32 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பம்ப்செட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் ரூ.58,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. நான்கு வயதில் ஒரு மகள். கல்லூரி நாளிலிருந்து போக்கர் ஆடுகிறார். ஒன்றரை வருடமாக, கையில் இரண்டு சீட்டு வரும் ஹோல்டெம் வகைப் போக்கரை விட்டுவிட்டு, நான்கு சீட்டு வரும் பாட் லிமிட் ஒமாஹா மட்டும்தான். பாட், அதாவது மேசை நடுவில் சேர்ந்த பணம், எவ்வளவோ அதுவரை பந்தயம் கட்டலாம். 2025 ஆகஸ்டில் இந்திய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தியதும், நண்பர் ஒருவர் ஏஜென்ட்டை அறிமுகப்படுத்தி வைக்க, வெளிநாட்டு கிளப் ஆப் ஒன்றில் ஆடத் தொடங்கினார். ஏஜென்ட் சொல்லும் எண்ணுக்கு யுபிஐயில் பணம் போட்டால் சிப்ஸ் ஏறும்.

ரூ.25/50 மேசையில் (ஆட்டம் தொடங்க இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகள் இவை; பெரியதான ரூ.50-தான் பிக் பிளைண்ட்), வாரம் நான்கு இரவு, பத்தரை மணியிலிருந்து சில நாள் இரண்டு மணி வரை. இரண்டு மேசை சேர்த்து மணிக்குச் சுமார் 120 கை, அதாவது 120 சுற்று ஆட்டம். ஐந்து மாதத்தில் 20,000 கை ஆடி ரூ.1,60,000 லாபம் என்கிறார். அவர் கணக்கு இது: 'மணிக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வருகிறது. மாதம் 200 மணி நேரம் ஆடினால் இரண்டு லட்சம். சம்பளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். வேலையை விடலாமா?' கூடவே மூன்று செய்திகள். போக்கர் திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்கு வரி கிடையாது என்று ஏஜென்ட் சொல்கிறார். கிரெடிட் கார்டில் ரூ.60,000 நிலுவை இருப்பதும், ஆட்டம் இந்த அளவுக்குப் போயிருப்பதும் மனைவிக்குத் தெரியாது.

அன்புள்ள நண்பருக்கு,

கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒமாஹா ஆடி நீண்டகால லாபம் பார்க்க முடியும். பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். உங்கள் 20,000 கை, அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர் என்று காட்டவில்லை. அப்படியே ஒருவராக இருந்தாலும், இப்போது ஆடும் இடத்தில் அந்த லாபம் உங்கள் கையில் தங்காது. எண்களோடு நம்பிக்கையாக எழுதியிருக்கிறீர்கள், நானும் எண்களை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்த ஏஸ் ஜோடி

கடிதத்தின் நடுவில் ஒரு கையைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு ஏஸ், ஒரு ராஜா, ஒரு நாலு. எதிராளியிடம் ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு. பிளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஒன்பது, எட்டு, இரண்டு. மூன்றும் வேறு வேறு ஜாதி. மொத்தப் பணமும் உள்ளே போனது, தோற்றீர்கள். 'ஏஸ் ஜோடி இருந்தும் இப்படியொரு துரதிர்ஷ்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். துரதிர்ஷ்டம் இல்லை. அந்த இடத்தில் பின்தங்கியிருந்தவர் நீங்கள்.

எண்ணிப் பார்ப்போம். ஒமாஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து மூன்று சீட்டு எடுக்க வேண்டும். எதிராளிக்கு ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) சேர்க்கும் சீட்டுகள்: ராணி நான்கு, ஐந்து நான்கு, அவர் கையில் ஏற்கெனவே ஒவ்வொன்று இருப்பதால் ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு ஆகியவற்றில் மும்மூன்று. ஆக 20. இருவர் கையும் பிளாப்பும் போக மீதம் 41 சீட்டு. டர்ன், ரிவர் என்னும் கடைசி இரண்டு பொதுச் சீட்டிலும் அந்த 20-இல் ஒன்றுகூட வராமல் போக வேண்டுமென்றால் 41-க்கு 21, பிறகு 40-க்கு 20. பெருக்கினால் 26 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரே ஜாதியில் கடைசி இரண்டு சீட்டும் விழுந்து ஃபிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) சேரும் சிறிய வாய்ப்பை விட்டுவிட்டால், நான்கு முறை ஆடினால் மூன்று முறை பணம் அவருக்குத்தான்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த 20-இல் ராணி, ஏழு, ஆறு, ஐந்து ஆகிய 14 சீட்டு வந்தால்தான் அவர் கை நட்ஸ், அதாவது அந்த நேரத்தில் யாராலும் அடிக்க முடியாத கை. ஜாக்கியோ பத்தோ விழுந்தால் அவருக்கு ஜாக்கி வரையிலான ஸ்ட்ரெயிட் கிடைக்கும். ஆனால் ஜாக்கி விழும்போது ராணி-பத்து வைத்திருப்பவரும், பத்து விழும்போது ராணி-ஜாக்கி வைத்திருப்பவரும் அவரை அடித்துவிடுவார்கள். மூன்று பேர் உள்ளே இருக்கும் பாட்டில் இந்த 14-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழு ஸ்டாக்கின் (ஒருவர் மேசையில் வைத்திருக்கும் மொத்தச் சிப்ஸ்) விலை. ஒமாஹாவில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. நட்ஸ் ஆகாத ஃபிளஷ்ஷுக்கும் கீழ்முனை ஸ்ட்ரெயிட்டுக்கும் பணம் போடுகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்; நீங்கள் அதைச் செய்யாதவராக இருக்க வேண்டும். நான்கு சீட்டில் இரண்டு ஏஸாவது வருவது ஏறக்குறைய 39 கைக்கு ஒரு முறை. அந்தக் கையைப் பிளாப்புக்குப் பிறகு எப்போது கீழே போடுவது என்று தெரியாதவர் ஒமாஹாவில் நிலைப்பது கடினம். ஹோல்டெம்மிலிருந்து வருபவர்கள் கூடவே தூக்கிக்கொண்டு வரும் பழக்கம் இது. கடிதத்தைப் படித்தால் உங்களிடமும் அது இன்னும் இருப்பதாகத் தெரிகிறது.

20,000 கை எதைச் சொல்கிறது?

ரூ.1,60,000 என்றால் 3,200 பிக் பிளைண்ட். நூறு கைக்கு 16. எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு பேர் ஒமாஹா மேசையில் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. நூறு கைக்கான திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்ற அளவு, வழக்கமாக 130-லிருந்து 160 பிக் பிளைண்ட். ஹோல்டெம்மில் 100-க்குள் அடங்கிவிடும். இங்கே கைகளின் வெற்றி வாய்ப்புகள் நெருக்கமாக ஓடுகின்றன, பாட் பெரிதாகிறது, அதுதான் காரணம்.

140 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆடியது 200 நூறுகள். 140-ஐ 200-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 10. அதாவது உங்கள் உண்மையான திறன், 95 சதவீத உறுதியோடு சொன்னால், நூறு கைக்கு 4 பிக் பிளைண்ட் நஷ்டத்திலிருந்து 36 லாபம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற நிலையிலுள்ள இருபது பேர் 20,000 கை ஆடினால், அவர்களில் ஒருவருக்கு உங்கள் அளவு லாபம் வெறும் சீட்டு ஓட்டத்திலேயே வந்துவிடும். 'வேலையை விடலாமா' என்று கடிதம் எழுதத் தோன்றுவதும் அந்த ஒருவருக்குத்தான். மற்ற பத்தொன்பது பேருக்கு அந்தக் கேள்வியே எழாது.

நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் என்பது இந்த அளவு மேசையில் நல்ல ஆட்டக்காரரின் வருமானம். அவருடைய 5 உண்மையானதா, சீட்டு ஓட்டமா என்று பிரித்துப் பார்க்கவே மூன்று லட்சம் கைக்கு மேல் வேண்டும். அப்படிப்பட்டவரும் ஒரு லட்சம் கை ஆடிய பிறகு நஷ்டத்தில் நிற்க 13 சதவீத வாய்ப்பு உண்டு.

இப்போது உங்கள் 200 மணி நேரக் கணக்கை அந்த 5-ஐ வைத்துப் போடுங்கள். மாதம் 24,000 கை. சராசரி லாபம் ரூ.60,000. அதைச் சுற்றிய ஏற்ற இறக்கம் மாதத்துக்கு ரூ.1,08,000. அதாவது பத்து மாதத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் நஷ்டத்தில் முடியும். அந்த மாதங்களிலும் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் வரும். நீங்கள் ரூ.58,000 சம்பளத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான், இரண்டு லட்சத்தை அல்ல. சம்பளத்தோடு பி.எஃப்., விடுப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலும் போதாது. கையிலுள்ள ரூ.1,60,000 என்பது 32 பை-இன் (ஒரு முறை மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, இங்கே ரூ.5,000). நல்ல ஆட்டக்காரரே, ஒரு ரூபாயும் வெளியே எடுக்காமல் ஆடினாலும், அந்த முதல் முழுக்க அழிய ஐந்தில் ஒரு வாய்ப்பு. உண்மைத் திறன் 5 அல்ல, 2 என்றால் பாதிக்கும் சற்று மேல். ரூ.5 லட்சம், அதாவது 100 பை-இன் இருந்தால் முதலாமவருக்கு அபாயம் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கும். இரண்டாமவருக்கு அப்போதும் 13. குடும்பச் செலவுக்கு மாதாமாதம் லாபத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் முதல் வளராது. வளராத முதல் என்றாவது ஒரு நாள் தீரும்.

ரேக்

ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கிளப் எடுக்கும் கமிஷன்தான் ரேக். கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. அதுதான் எனக்குக் கவலை. உங்கள் கிளப் எடுப்பது ஐந்து சதவீதம் என்றும், சராசரி பாட் 20 பிக் பிளைண்ட் என்றும், நூறு கையில் 80-இல் ரேக் பிடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேசையிலிருந்து 80 பிக் பிளைண்ட் போகிறது. ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 13, ரூ.650. உங்கள் 20,000 கைக்கு ரூ.1,30,000. உச்சவரம்பு இருந்தால் கொஞ்சம் குறையும். ஒமாஹாவில் பாட் பெரிது, பிளாப் பார்ப்பவர்களும் அதிகம் என்பதால் ஹோல்டெம்மை விட இங்கே ரேக் கடிக்கும். ரேக் கட்டியும் 16 மிஞ்சியது என்றால், எதிராளிகளிடமிருந்து நூறு கைக்கு 29 எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது நீடிக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

சட்டம், ஏஜென்ட், வரி

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது உண்மை. அது தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனையையும் தடை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் நடத்தினாலும் அது பொருந்தும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பணம் கைமாற உதவுபவருக்கும் அப்படியே. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. 'அப்படியானால் எனக்கென்ன பயம்' என்று நினைக்காதீர்கள். உங்கள் ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது.

ஏஜென்ட் உங்களுக்குப் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் கணக்கிலிருந்து வருவதாகச் சொல்கிறீர்கள். அந்தக் கணக்குகளில் ஒன்று சைபர் மோசடிப் பணம் நகரும் பாதையில் இருந்தால், ஏதோவொரு மாநிலக் காவல் துறையின் கடிதத்தின் பேரில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். சம்பளக் கணக்கும் அதுவே என்பதால் சம்பளமும் அதோடு நிற்கும். ஏஜென்ட் பணத்தைத் தராமல் ஏமாற்றினாலும் வழக்குப் போட முடியாது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. 'நிலுவையை விடுவிக்க முதலில் வரியாக இவ்வளவு கட்டுங்கள்' என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

மேசையின் நேர்மையும் கேள்விக்குரியதுதான். ஒரே கிளப்பில் இருவர் போனில் பேசிக்கொண்டு ஆடினால் நான்குக்குப் பதில் எட்டு சீட்டு தெரியும். மேசையில் மூன்று இஸ்பேடு கிடக்கிறது, இஸ்பேடு ஏஸ் கூட்டாளியின் கையில் இருக்கிறது என்றால், வேறு யாரிடமும் நட் ஃபிளஷ் இல்லை என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியும். பாட் முழுவதையும் பந்தயமாகக் கட்டி உங்களைத் துரத்திவிடலாம். இதைக் கண்டுபிடிக்கும் வேலை கிளப்பை நடத்துபவரிடம் இருக்கிறது. அவருக்கு அதில் ஆதாயம் இல்லை.

வரி கிடையாது என்பது தவறு. ஆன்லைன் விளையாட்டில் வென்ற நிகரத் தொகைக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. உங்கள் ரூ.1,60,000-க்கு ரூ.49,920. ஏஜென்ட் டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்பதால் வரிப் பொறுப்பு நீங்கிவிடாது. ஆட்டம் தடை செய்யப்பட்டது என்பதாலும் நீங்காது. இன்னொரு கொடுமை: நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. முதல் ஆண்டு ஆறு லட்சம் வென்று, அடுத்த ஆண்டு ஆறு லட்சம் தோற்றால் உங்கள் லாபம் பூஜ்யம். கட்டிய வரி ரூ.1,87,200. ஒமாஹா போல் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு இந்த விதி ஒன்றே போதும், நல்ல ஆட்டக்காரரையும் நஷ்டக்காரர் ஆக்கிவிடும். டொரன்டோவில் இருக்கும் நண்பரைச் சொல்லியிருந்தீர்கள். ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலிலிருந்து உரிமம் பெற்ற தளங்கள் இருக்கின்றன. பொழுதுபோக்காக ஆடுபவரின் வெற்றிக்குக் கனடாவில் பொதுவாக வரியும் இல்லை. அவருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கோவாவுக்குப் போய் ஆடலாமே என்ற யோசனையைப் பற்றி: உரிமம் பெற்ற கேசினோவில் நேரில் ஆடுவது வேறு விஷயம், அங்கே எதிராளிகளும் இளக்கமாக இருக்கலாம். ஆனால் நேரடி மேசையில் மணிக்கு 25, 30 கைதான். ஒரு வார இறுதியில் 20 மணி நேரம் உட்கார்ந்தால் 500 கை. ரூ.100/200 மேசையில் நூறு கைக்கு 10 பிக் பிளைண்ட் என்று தாராளமாக வைத்தாலும் சராசரி லாபம் ரூ.10,000, ஏற்ற இறக்கம் ரூ.62,000-க்கு மேல். போக்குவரத்தும் அறை வாடகையும் அந்தப் பத்தாயிரத்தை விழுங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை ஆசைக்குப் போகலாம், தோற்றால் வலிக்காத பணத்தோடு. தொழிலாக ஆகாது.

இப்போது செய்ய வேண்டியவை

வேலையை விடாதீர்கள். கிளப்பில் புதிதாகப் பணம் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஏஜென்ட்டுக்குப் போனது ஒரு பத்தி, வந்தது ஒரு பத்தி என்று தேதிவாரியாக எழுதுங்கள். ஆப் காட்டும் எண்ணையும் நினைவில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். வங்கிக்குள் உண்மையில் வந்து சேர்ந்தது ரூ.1,60,000-தானா, அல்லது அதில் ஒரு பகுதி இன்னும் சிப்ஸாகவே கிடக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அந்தத் தாள்தான் வரிக் கணக்குக்கும் ஆதாரம், நாளை கணக்கு முடங்கினாலும் ஆதாரம். முடங்கினால் எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காவல் துறைக்குப் பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வந்த பணத்தில் முதல் ரூ.60,000 கிரெடிட் கார்டுக்கு. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் ரூ.2,100, அதன் மேல் ஜி.எஸ்.டி. எந்த ஆட்டத்திலும் கிடைக்காத உறுதியான லாபம் அந்தக் கடனை அடைப்பதில் இருக்கிறது. அடுத்து வரிக்கான ரூ.50,000-ஐத் தனியே ஒதுக்குங்கள். ஆக, உங்களிடம் உண்மையில் மிச்சம் ரூ.50,000. அதை வைத்துத்தான் வேலையை விட நினைத்தீர்கள்.

மனைவியிடம் சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மறைப்பது, கடன் வாங்கி ஆடுவது, விட்டதைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியும் உட்காருவது ஆகியவற்றை மனநல மருத்துவர்கள் சூதாட்டப் பழக்கத்தின் அடையாளங்களாகக் கேட்டறிவார்கள். முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது இருக்கிறதா என்பது அந்த அறுபதாயிரம் எதற்காகச் செலவானது என்பதைப் பொறுத்தது. கடிதத்தில் அது இல்லை. மூன்றாவதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025-இல் விதி போட்டதும், உயர் நீதிமன்றம் அதை ஏற்றதும் காரணமில்லாமல் இல்லை. உங்கள் கை வரலாற்றைப் பன்னிரண்டு மணிக்கு முன், பின் என்று பிரித்துக் கூட்டிப் பாருங்கள். பின்பகுதி நஷ்டத்தில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆடுவதை நிறுத்திய முதல் இரண்டு வாரம் தூக்கம் பிடிக்காமலோ, எரிச்சலாகவோ இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். மனைவியிடம் பேசும்போது அந்தத் தேதிவாரித் தாளையும் கார்டு பில்லையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். லாபத்தை மட்டும் முதலில் சொல்லிவிட்டுக் கடனை இன்னொரு நாளைக்கு வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் சொல்லுங்கள்.